முதல் ஐரிஷ் மலை: நாக்னரே ஏறுவது எப்படி

327 மீட்டர். கடலோரத்தில் தனியாக நிற்கும் ஒரு மேடு. இந்த எண்ணை நம்பித்தான் முதல் தடவை ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவுமாக நாக்னரே ஏறப் போனேன். கீழே நல்ல வெயில். பாதி ஏறுவதற்குள் மேகம் வந்து மலைமேல் உட்கார்ந்துவிட்டது. நனைந்த ஜீன்ஸ் தொடையில் ஒட்டிக்கொண்டு, ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. போதாக்குறைக்கு இறங்கும்போது மலையின் தப்பான பக்கத்தில் இறங்கிவிட்டேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அயர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் "வார இறுதியில் எங்காவது மலை ஏறலாமா?" என்று கேட்டால் இன்றைக்கும் நான் முதலில் சொல்வது இந்த மலையைத்தான். நாட்டின் வடமேற்கில் ஸ்லைகோ என்ற ஊர். அங்கிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் போனால் ஸ்ட்ராண்ட்ஹில் என்ற கடற்கரைக் கிராமம். அதற்கு மேலே எழுந்து நிற்பதுதான் நாக்னரே. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் ஒரு 'கே' வரும், அதை உச்சரிக்க வேண்டாம். பாதை தெளிவானது, அரை நாள் போதும், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள். எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. ஆனால் இங்கே மலையின் உயரம் ஒரு கணக்கே இல்லை. அன்றைக்கு என்ன காற்று என்பதுதான் கணக்கு. கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

வானிலை பார்த்து நாள் குறிப்பது

மழையே இல்லாத நாளுக்குக் காத்திருந்தால் ஓய்வுபெறும் வயது வந்துவிடும். நீங்கள் தேட வேண்டியது இரண்டு மழைகளுக்கு நடுவே கிடைக்கும் மூன்று மணி நேர இடைவெளி.

அரசு வானிலை மையமான மெட் ஏரன் தளத்தில் முந்தின நாள் இரவு ஒரு தடவையும், கிளம்பும் நாள் காலையில் ஒரு தடவையும் பாருங்கள். கைப்பேசியில் வரும் சூரியன் படத்தை நம்பாதீர்கள். மணி வாரியாகக் காற்றின் வேகம் எவ்வளவு என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இந்த மலைக்கு மேற்கே பெரும்பாலும் அட்லாண்டிக் கடல்தான். அமெரிக்கக் கரையில் கிளம்பிய காற்றைத் தடுக்க வழியில் ஒரு மரம்கூடக் கிடையாது. கடற்கரையில் தலைமுடியைக் கலைக்கும் காற்று உச்சியில் ஆளையே தள்ளும். என் சொந்தக் கணக்கு இது: சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருந்தால் பிள்ளைகளோடு போக மாட்டேன். காற்றுக்கு மஞ்சள் எச்சரிக்கை கொடுத்திருந்தால் நானும் போக மாட்டேன்.

அடுத்து மழை ராடார். அதே தளத்தில் மழைத் திட்டுகள் நகர்வதைப் படமாகக் காட்டுவார்கள். மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ எது வருகிறது, எவ்வளவு நேரத்தில் வரும் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

கடைசியாக, உங்கள் கண். ஸ்லைகோவை நெருங்கும்போதே மேற்கே மலை தெரியும். தட்டையான உச்சியின் நடுவில் ஒரு சின்னக் குமிழ்போல ஏதோ துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் குமிழ் தெரிந்தால் போகலாம். மேகத்துக்குள் மறைந்திருந்தால் முதலில் கடற்கரைக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இங்கே வானம் அதற்குள் மூன்று தடவை மாறியிருக்கும்.

வெளிச்சத்தையும் கணக்கில் வையுங்கள். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஏறினால்கூடத் தப்பில்லை. டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். குளிர்காலத்தில் மதியம் ஒரு மணிக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள்.

என்ன உடுத்துவது

புதியவர்கள் தப்பு செய்வது பெரும்பாலும் இதில்தான். கார் பார்க்கின் குளிருக்கு ஏற்ப உடுத்திக்கொண்டு வருவார்கள். உடுத்த வேண்டியது உச்சியின் குளிருக்கு.

வெறும் உயரக் கணக்கில் கீழுக்கும் மேலுக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் ஏறும்போது வியர்க்கும், மேலே போய் நிற்பீர்கள், ஈர உடம்பின் மேல் காற்று அடிக்கும். பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். பருத்தித் துணி இங்கே எதிரி. நம் வெயிலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. அதே குணம்தான், அதாவது ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் குணம்தான், இங்கே ஆளைக் கவிழ்க்கிறது. பருத்தி பனியன், ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

உடம்போடு ஒட்டி விளையாட்டு டீ-ஷர்ட் ஒன்று, அதன் மேல் ஃப்ளீஸ் (கம்பளிபோல் மென்மையான செயற்கை நூல் மேற்சட்டை), எல்லாவற்றுக்கும் மேலே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். ஏறும்போது ஃப்ளீஸைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்குச் சற்று முன்னாலேயே மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். உச்சிக்குப் போன பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் காற்று ஃப்ளீஸைக் கையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். கீழே சீக்கிரம் காயும் பேன்ட். ஜூலையாக இருந்தாலும் காது மூடும் குல்லாயும் மெல்லிய கையுறையும் பையில் இருக்கட்டும். சுடிதார் போட்டு வருகிறவர்கள் துப்பட்டாவைக் காரிலேயே வைத்துவிடுவது நல்லது. குடை வேண்டவே வேண்டாம். குடையோடு மேலே போனவர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது கையில் குச்சி மட்டும் இருந்தது.

காலுக்கு, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ வேண்டும். கணுக்கால் வரை மூடும் பூட்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. நாக்னரே சுண்ணாம்புக்கல் மலை. நனைந்து, ஆயிரம் பேர் மிதித்து வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் சாதாரண ரன்னிங் ஷூ சறுக்கும். பெரிய கம்பெனி பூட்ஸ்தான் வேண்டும் என்றில்லை. லிடில், ஆல்டி கடைகளின் நடு வரிசையில் அவ்வப்போது மலை நடைச் சாமான்கள் மலிவாக வந்து விழும். என்னுடைய முதல் மழை பேன்ட் அங்கே வாங்கியதுதான்.

பையில் அதிகம் வேண்டாம். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர், ஒரு ஃபிளாஸ்க் தேநீர், சாக்லேட், முழு சார்ஜில் கைப்பேசி, ஒரு விசில், குளிர்காலமானால் தலையில் மாட்டும் டார்ச். சாப்பாடு பற்றி ஓர் அனுபவம்: நான் தயிர்சாதம் கொண்டுபோனேன். மேலே விரல்கள் விறைத்துப்போய் பிசைந்து சாப்பிட முடியவில்லை. கரண்டியால் எடுத்தால் காற்று பாதியைப் பறித்துக்கொண்டது. இப்போதெல்லாம் சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறேன். கையுறையைக் கழற்றாமலே சாப்பிடலாம்.

எந்தப் பக்கம் ஏறுவது

டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ஸ்லைகோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஸ்லைகோவிலிருந்து ஸ்ட்ராண்ட்ஹில்லுக்கு எஸ்2 பஸ். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு இரண்டு வாசல்கள். ஒன்று தென்கிழக்கில், க்ளென் சாலைக்கு மேலே இருக்கும் கார் பார்க். பழைய பாதை இதுதான். வயல்களுக்கு நடுவே கல் பதித்த வழியில் நேராக மேலே போகும். தூரம் குறைவு, முக்கால் மணி நேரத்தில் உச்சி. இன்னொன்று வடபக்கம், ஸ்ட்ராண்ட்ஹில்லில் ரக்பி மைதானத்தை ஒட்டித் தொடங்கும் 'குயின் மேவ்' பாதை. இது காட்டின் ஓரமாக மரப்படிகளும் பலகைப் பாதையுமாக ஏறுகிறது. சற்று நீளம், செங்குத்தான இடங்களும் உண்டு. ஆனால் ஏறும்போதே முதுகுக்குப் பின்னால் கடல் விரியும். படியில் நின்று மூச்சு வாங்குவதை யாரும் மூச்சு வாங்குவதாக நினைக்க மாட்டார்கள், காட்சி பார்ப்பதாகத்தான் நினைப்பார்கள்.

காரில் வருகிறவர்களுக்கும், சின்னப் பிள்ளைகள், பெற்றோர் கூட வந்தால் அவர்களுக்கும் க்ளென் பக்கம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஸ்ட்ராண்ட்ஹில் பக்கம். எந்தப் பக்கமானாலும் கழிப்பறை வேலையைக் கிராமத்திலேயே முடித்துவிடுங்கள். மலையில் ஒன்றும் கிடையாது. காரில் பையை வெளியே தெரியும்படி வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒருவருக்கு 'இந்தப் பக்கம் ஏறுகிறோம், இத்தனை மணிக்குள் இறங்கிவிடுவோம்' என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்குங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன ஒரு வாய்ப்பாடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அவர் விறுவிறுப்பாக நடக்கிறவர் போலிருக்கிறது. பிள்ளைகளும் படம் எடுக்கிறவர்களும் இருந்தால் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் போக, வர, மேலே நிற்க என்று இரண்டரை மணி நேரம் வைத்தால் அவசரமில்லாமல் வரலாம்.

வழியில் நடந்துகொள்ளும் விதம்

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அயர்லாந்தில் திறந்த வெளியெல்லாம் பொது இடம் இல்லை. ஸ்காட்லாந்தில் இருப்பதுபோல எங்கும் நடக்கலாம் என்ற உரிமை இங்கே கிடையாது. நாம் நடக்கும் மலைப்பாதைகளில் பலவும் யாரோ ஒரு விவசாயியின் நிலம். அவர் அனுமதிப்பதால் நடக்கிறோம். அந்த நல்ல மனதைக் கெடுக்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. பாதையை விட்டு வயலுக்குள் இறங்காதீர்கள். வாயில் கதவு மூடியிருந்தால் கடந்த பிறகு மூடுங்கள்; திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். கம்பி வேலியில் ஏறாதீர்கள், சில வேலிகளில் மின்சாரம் ஓடும். பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் பிள்ளைகள் இரண்டு நாளைக்கு அதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதுகில் நீலமோ சிவப்போ சாயம் பூசிய செம்மறிகளைப் பார்ப்பீர்கள். அது எந்தப் பண்ணையின் ஆடு என்பதற்கான அடையாளம். வசந்த காலத்தில் குட்டி போட்டிருக்கும். கொஞ்சுவதற்காகக் கிட்டே போகாதீர்கள், தாய் ஒரு பக்கமும் குட்டி ஒரு பக்கமுமாக ஓடிப் பிரிந்துவிடும். நாய் கொண்டுவந்தால் கயிற்றை விடவே கூடாது. ஆட்டைத் துரத்தும் நாயைச் சுட விவசாயிக்குச் சில நிபந்தனைகளோடு சட்டமே இடம் தருகிறது. ஓடைத் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும். மேலே ஆடு மேய்கிறது என்பதை நினைத்துக்கொண்டால் குடிக்கத் தோன்றாது.

எதிரே வருகிறவர்கள் உங்களிடம் ஏதாவது சொல்வார்கள். தலையாட்டிவிட்டுப் போவது இங்கே மரியாதைக் குறைவு. பெரும்பாலும் வானிலைதான் பேச்சு. தூறிக்கொண்டே இருக்கும் நாளில் ஒரு பெரியவர் "சாஃப்ட் டே" என்பார். இதமான நாள் என்று சொல்கிறாரா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மூஞ்சியில் பூப்பூவாக விழும் அந்தச் சன்னத் தூறலுக்குத்தான் அந்தப் பெயர். "இட் இஸ், கிராண்ட் தோ" என்று பதில் சொல்லிவிடுங்கள். 'கிராண்ட்' என்றால் இங்கே 'பரவாயில்லை'. அதற்கு மேல் எதுவும் இல்லை. உச்சி இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்காதீர்கள். எப்போதும் "பத்து நிமிடம்" என்றுதான் சொல்வார்கள்.

சீராக, பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் ஏறுங்கள். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வசந்தத்தில் சரிவெல்லாம் மஞ்சள் பூவோடு முட்புதர் நிற்கும், அதற்கு கார்ஸ் என்று பெயர். பூவுக்குத் தேங்காய் வாசனை. நம்பாவிட்டால் மூக்கை வைத்துப் பாருங்கள், முள் ஜாக்கிரதை. ஆகஸ்டில் ஹெதர் என்ற குட்டைச் செடி ஊதாவாகப் பூக்கும்.

உச்சியில்: கற்குவியலும் காற்றும்

சரிவு தளர்ந்து, தட்டையான புல்வெளி வரும். அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பிரம்மாண்டக் கற்குவியல். கீழிருந்து குமிழாகத் தெரிந்தது இதுதான். கிட்டத்தட்ட 55 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரம். மூன்று மாடிக் கட்டடம் அளவு. சங்கப் பாடல்களில் இறந்தவர்மேல் கற்களைக் குவித்த மேட்டைப் பதுக்கை என்பார்கள். அந்தச் சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன், உலோகம் என்பதையே அறியாத விவசாயிகள் இத்தனை கல்லையும் இந்த உயரத்தில் குவித்திருக்கிறார்கள். உள்ளே, குறுகிய பாதையும் அறையும் கொண்ட கல்லறை ஒன்று இருக்கும் என்பது தொல்லியலாளர்களின் கணிப்பு. இதுவரை யாரும் முறையாகத் தோண்டிப் பார்க்கவில்லை.

மக்கள் வாயில் இது, பழைய ஐரிஷ் கதைகளில் வரும் மேவ் அரசியின் கல்லறை. கணவன் மனைவி இருவரில் யாருக்குச் சொத்து அதிகம் என்று படுக்கையில் தொடங்கிய சண்டை, கணவனிடம் ஒரு வெள்ளைக் கொம்புக் காளை கூடுதலாக இருந்ததில் வந்து முட்டியதாம். அதற்கு ஈடாக அல்ஸ்டர் நாட்டின் பழுப்புக் காளையைக் கவர்ந்து வரப் படையோடு கிளம்பினாள் மேவ். ஆநிரை கவரப் புறப்பட்ட அரசி என்றால் நமக்கு உடனே புரியும். எதிரிகள் வடக்கே அல்ஸ்டரில் இருப்பதால், கையில் ஈட்டியோடு அந்தத் திசையைப் பார்த்தபடி நிற்கவைத்துப் புதைத்திருக்கிறார்கள் என்பது கதை. இத்தனை வீரமான அரசி எப்படிச் செத்தாள் தெரியுமா? காய்ந்து இறுகிய பாலாடைக்கட்டியைக் கவணில் வைத்து எறிந்து அவள் சகோதரி மகனே கொன்றான் என்கிறது ஒரு பழங்கதை. பதுக்கையோ அவள் காலமாகச் சொல்லப்படுவதற்கு மூவாயிரம் ஆண்டு மூத்தது. அதைப் பற்றி ஸ்லைகோக்காரர்களிடம் விவாதிக்கப் போக வேண்டாம்.

கற்குவியலின் மேல் ஏறாதீர்கள். ஏறிய தடம் தெரியும், பிள்ளைகள் ஆசைப்படும், யாராவது மேலே நின்று படம் எடுத்துக்கொண்டும் இருப்பார். பலகையில் ஏற வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஒவ்வொரு காலும் கற்களை உருட்டிவிடுகிறது. இத்தனை ஆண்டு யாரும் திறக்காத கல்லறை இப்படி நடந்தே சரிகிறது. இந்தப் பகுதியின் கல்லறைகளையெல்லாம் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக்க 2022-இல் அயர்லாந்து தன் உத்தேசப் பட்டியலில் வைத்திருக்கிறது. நினைவுக்கு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போவதும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு கல்லறை. 2014-இல் இந்த மலையின் ஒரு சின்னக் குகையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்து, அவை ஒரு பெரியவருடையவை, ஒரு குழந்தையுடையவை என்றும், பெரியவருடையவை சுமார் 5500 ஆண்டுகள் பழையவை என்றும் அறிவித்தார்கள். நாம் நிற்பது யாரோ தங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்த மலை.

காற்றுக்கு மறைவாக, குவியலிலிருந்து சற்று விலகி உட்கார்ந்து தேநீர் குடியுங்கள். வானம் தெளிந்தால் வடக்கே ஸ்லைகோ துறைமுகமும், அதற்கப்பால் மேசையைச் செதுக்கி வைத்ததுபோல் பென் புல்பென் மலையும் (526 மீட்டர்), இன்னும் தொலைவில் டோனகல் மலைகளும் தெரியும். கிழக்கே லாக் கில் ஏரி, தெற்கே பாலிசடேர் விரிகுடா, அதன் பின்னால் ஆக்ஸ் மலைத்தொடர். மேற்கே பெரும்பாலும் தண்ணீர்தான்.

மேகம் மூடினால்

இப்போது என் கதை. காரை க்ளென் பக்கம் நிறுத்திவிட்டு ஏறினேன். பாதி வழியில் வந்த மேகம், நான் உச்சிக்கு வந்தபோது முழுக்க மூடியிருந்தது. இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இருந்தும் இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று பதுக்கையை ஒரு சுற்றுச் சுற்றினேன். எங்கும் ஒரே மாதிரி சாம்பல் கல், ஒரே மாதிரி புல். ஒரு பாதை தென்பட்டது, இறங்கினேன். நான் ஏறி வந்த பாதையில் மரப்படிகளே கிடையாது என்பது பத்துப் பதினைந்து படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. அப்போதும் திரும்பி ஏறச் சோம்பல். கடைசியில் ஸ்ட்ராண்ட்ஹில்லில் போய் நின்றேன். கார் மலைக்கு அந்தப் பக்கம். சாலையோரமாக, நனைந்த ஜீன்ஸோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் மலையைச் சுற்றி நடந்தேன்.

ஆகவே உச்சிப் புல்வெளியில் காலை வைத்ததும் ஒரு வேலை செய்யுங்கள். திரும்பி நின்று, வந்த பாதையைப் படம் எடுங்கள். கைப்பேசி வரைபடத்தில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேகம் மூடியிருந்தால் குவியலைச் சுற்றுவதை விட்டுவிடுங்கள். தொட்ட இடத்திலிருந்து அப்படியே திரும்புங்கள். சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால், கூட வந்த ஒருவரைப் பாதை தொடங்கும் இடத்தில் நிற்கவைத்துவிட்டுச் சுற்றுங்கள். பாதை தெரியாமல் சரிவில் இறங்கிப் பார்ப்பது மட்டும் கூடாது. மலையின் சில பக்கங்களில் பாறை செங்குத்தாக விழுகிறது. மேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் விலகும். அதுவரை எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு, ஒட்டி உட்கார்ந்து, சாக்லேட் சாப்பிடுங்கள்.

நிஜமாகவே ஆபத்து என்றால், கால் உடைந்தாலோ, யாராவது நடுங்கி நடுங்கிப் பிறகு பேச்சுக் குழறத் தொடங்கினாலோ, 112 அல்லது 999 அழையுங்கள். "மவுண்டன் ரெஸ்க்யூ" வேண்டும் என்று கேளுங்கள். மலையின் பெயர், எந்தப் பக்கம் ஏறினீர்கள், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது உதவி கேட்கும் குறி.

இறங்குவதும் இறங்கிய பிறகும்

விழுகிறவர்கள் அதிகமும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். முழங்காலைச் சற்று மடக்கி, சின்ன அடியாக வைத்து இறங்குங்கள். ஈரக் கல்லைவிட அதன் ஓரத்துப் புல் பிடிமானமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் எல்லோரும் ஓரத்திலேயே நடந்தால் பாதை அகன்று சேறாகிவிடும். கல்லிலேயே, மெதுவாக.

கோடையில் ஏறியிருந்தால் அன்று இரவு குளிக்கும்போது உடம்பில் உண்ணி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்: முழங்காலுக்குப் பின்னால், இடுப்பில், பிள்ளைகளுக்குக் காது ஓரத்தில். இருந்தால் கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பிறகு சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் டாக்டரிடம் போய், மலை ஏறியதையும் சொல்லுங்கள். லைம் என்ற நோய் இந்த உண்ணிகளால் வருகிறது.

ஸ்ட்ராண்ட்ஹில் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்க ஆசை வரும். வேண்டாம், அங்கே நீரோட்டம் இழுக்கும், நீந்துவதற்கான கரை அல்ல அது. அதற்குப் பதில், அதே கடற்கரையில் சுடுநீரில் கடற்பாசி போட்டுக் குளிக்கும் குளியலறைகள் இருக்கின்றன. கொழகொழப்பாக இருக்கும் என்று நான் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். கொழகொழப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

நேரம் மிச்சமிருந்தால், மலையடிவாரத்திலேயே கேரோமோர் என்ற இடத்தில் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் பழைய கல்லறைகளையும் பார்த்துவிடலாம். முப்பது வரை மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் சில நாக்னரேயின் பதுக்கையைவிடவும் பழையவை.

வீட்டுக்கு வந்ததும் நனைந்த பூட்ஸை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், அடிப்பாகத்தின் பசை விட்டுப்போகும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, படுக்கப் போகும்முன் ஒரு தடவை தாளை மாற்றுங்கள். இரண்டு நாளில் காய்ந்துவிடும்.